தாடையைத் தூக்கிப் பிடித்த கை

பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மறுநாள் வலித்தது தாடை. காதுமடலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு வளையும் இடத்தில், இரண்டு பக்கமும் தொட்டால் நோவு. காலையில் தோசையை மெல்லும்போதுதான் கவனித்தேன். பயாப்சி முடிவை வாங்கப் போன அன்று, பரிசோதனையின்போது அறையில் இருந்த நர்ஸம்மாவிடம் விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “நீங்க நல்லா குறட்டை விட்டீங்க சார். மூச்சு சரியா வரல. நான்தான் ரெண்டு மூணு நிமிஷம் தாடையைத் தூக்கிப் பிடிச்சிருந்தேன். கொஞ்சம் அழுத்தமா பிடிச்சுட்டேன் போல.”

எனக்கு அதில் ஒரு விநாடிகூட நினைவில்லை.

உடம்பு மயங்கினால் நாக்கும் தளர்கிறது. கண்ணாடியில் நாம் பார்ப்பது நாக்கின் முன்பாதியைத்தான். அடிநாக்கு தொண்டைக்குள் இறங்கி, மூச்சுக்குழாயின் வாசலுக்கு மேலே நிற்கிறது. விழித்திருக்கும்வரை சில தசைகள் அதை முன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும். பிடி தளர்ந்தால் பின்னே சரியும். வழி குறுகினால் குறட்டை வரும். முழுக்க அடைத்துக்கொண்டால் சத்தமே இருக்காது. மார்பு ஏறி இறங்கப் பார்க்கும், காற்று போகாது. அதனால்தான் மயக்கத்தில் கிடப்பவரின் குறட்டை சட்டென்று நின்றால் அனுபவமுள்ள நர்ஸ் நிம்மதி அடைவதில்லை. மூக்கருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பார். தாடைக் கோணத்தில் விரல்களை வைத்து முன்னால் தூக்கினால், தாடையோடு பிணைந்திருக்கும் நாக்கும் கூடவே வரும், வழி திறக்கும். மருந்து வேண்டாம், கருவி வேண்டாம். விஷயம் தெரிந்த ஒரு கை அந்த நேரத்தில் சும்மா இருக்க வேண்டும்.

அந்த அறையில் மயக்க மருத்துவர் யாரும் இல்லை. என் அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: மிடாசோலம் 2 மில்லிகிராம், ஃபென்டனில் 50 மைக்ரோகிராம். அளவைச் சொன்னவர் குடலியல் மருத்துவர், ஏற்றியவர் நர்ஸ். இதில் முறைகேடு ஒன்றுமில்லை. உலகின் பல நாடுகளில் எண்டோஸ்கோப்பிக்கான மயக்கம் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் தரப்படுகிறது. ஆனாலும், மயக்கம் தருவதற்கென்றே படித்தவர் அருகில் இல்லாமல் இதைச் செய்யலாமா என்பதில் இரண்டு மருத்துவத் துறைகளுக்கு நடுவே நெடுங்காலச் சண்டை இருக்கிறது. இரு தரப்பின் வாதங்களையும் படிக்கப் படிக்க, ‘யார் தருவது’ என்ற கேள்வியைவிட, ‘தந்த பிறகு யார் பார்த்துக்கொண்டிருப்பது’ என்ற கேள்விக்குத்தான் என் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. தாடை வலித்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம்.

குழாய் விடும் மருத்துவரின் உடம்பைக் கவனித்தால் அந்தக் கேள்வியின் அவசரம் புரியும். இடது கையில் கருவியின் தலை. கட்டைவிரல் சக்கரங்களைத் திருப்பிக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் காற்றுக்கும் உறிஞ்சலுக்குமான பொத்தான்களின் மேல். வலது கை குழாயைத் தள்ளும், முறுக்கும், பின்னிழுக்கும். கண் திரையில். குடல் மடிப்புக்குப் பின்னால் நாலைந்து மில்லிமீட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாலிப்பைத் தேடும் கண் அப்போது வேறெதையும் பார்க்காது, பார்க்கவும் கூடாது. வாய்வழிப் பரிசோதனையில் மூச்சும் குழாயும் ஒரே வாசலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பித்தநாளத்துக்குள் கம்பி விடும் ஈ.ஆர்.சி.பி. என்றால் நோயாளி பெரும்பாலும் கவிழ்ந்து கிடப்பார். முகத்தைப் பார்ப்பதே சிரமம். எக்ஸ்ரே படம் தெளிவாகத் தெரிவதற்காக விளக்கையும் குறைத்திருப்பார்கள்.

மயக்கத்தின் ஆழத்தை அமெரிக்க மயக்க மருத்துவர்கள் சங்கம் 1999இல் நான்கு நிலைகளாக வகுத்தது. பதற்றம் மட்டும் தணிந்த நிலை ஒன்று. கூப்பிட்டாலோ லேசாகத் தட்டினாலோ பதில் சொல்லும் நிலை அடுத்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டோ வலிக்கும்படி கிள்ளியோதான் எழுப்ப முடியும் என்றால் ஆழ்ந்த மயக்கம். எதற்கும் எழாதது முழு மயக்கம். காகிதத்தில் இவை நான்கு படிகள். நோயாளியின் உடம்பில் நடுவே கோடு எதுவும் கிடையாது. பாசி படர்ந்த குளத்துப் படிக்கட்டு மாதிரி, இரண்டாம் படியில் காலை வைத்தவர் மூன்றாவதில் போய் நிற்பார். ஒரே அளவு மருந்தில் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், வயதான இன்னொருவர் மூச்சை மறந்துவிடுவார். அதனால் அந்தச் சங்கம் ஒரு நிபந்தனை வைத்தது: எந்த நிலைக்குக் கொண்டுபோக நினைக்கிறீர்களோ, அதற்கும் கீழே நோயாளி இறங்கிவிட்டால் மீட்டெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மொத்தத் துறையிலும் இதைவிட உருப்படியான விதியை நான் படித்ததில்லை. இலக்கு வைத்த ஆழத்துக்குரிய பயிற்சி மட்டும் போதாது என்கிறது அது.

இந்த விதி எழுதப்படுவதற்கு முன்பே அமெரிக்காவில் பலர் செத்திருந்தார்கள்.

மிடாசோலம் அங்கே 1986இல் சந்தைக்கு வந்தபோது எண்டோஸ்கோப்பி அறைகளில் கொண்டாட்டம்தான். அதற்கு முன்பு பயன்பட்ட டயஜிபாம் ஊசி ரத்தக்குழாயில் எரியும், நாள்கணக்கில் உடம்பில் தங்கும். மிடாசோலம் எரிவதில்லை, சீக்கிரம் வெளியேறுகிறது, நடந்ததை மறக்கவும் வைக்கிறது. குழாய் விழுங்கிய அனுபவத்தை மறக்க யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அதன் வீரியத்தை ஆரம்பத்தில் குறைவாக எடைபோட்டிருந்தார்கள். டயஜிபாமைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு என்று நினைத்துக் கொடுத்தார்கள். நடைமுறையில் மூன்று, நான்கு மடங்காக இருந்தது. இன்னொரு பொறியும் உண்டு. ஊசி ஏறியதுமே அதன் முழு வேலை தெரியாது, சில நிமிடங்கள் ஆகும். ‘இன்னும் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கார்’ என்று ஒரு நிமிடத்தில் இரண்டாவது ஊசியைப் போட்டால், முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்து உச்சத்தை எட்டும்போது குழாய் பாதி வழியில் இருக்கும். கூடவே அபின் வகை வலிமருந்தும் ஏறியிருந்தால் மூச்சு நிற்க வேறெதுவும் வேண்டியதில்லை. பல பத்து மரணங்கள் பதிவாகின. அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1988இல் மருந்தின் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை ஏறியது. இறந்தவர்களில் பலர் மூச்சையும் இதயத்தையும் இடைவிடாமல் கண்காணிக்கும் ஏற்பாடு இல்லாத அறைகளில் இருந்தவர்கள்.

இங்கிலாந்தில் இதே மருந்து வேறொரு வழியில் வம்பு செய்தது. அங்கே இரண்டு பிராந்தியங்களில் 14,149 வாய்வழி எண்டோஸ்கோப்பிகளைப் பின்தொடர்ந்து எண்ணினார்கள். முடிவு 1995இல் வெளியானது. நோய் கண்டறிய மட்டும் செய்ததிலேயே 2,000 பேரில் ஒருவர் இறந்திருந்தார். மருந்தின் அளவு அதிகமாக இருந்ததும், கண்காணிப்பு இல்லாமல் போனதும் இந்தத் தீங்குகளோடு சேர்ந்தே வந்தன. அதற்குப் பிறகும் 2008இல் அந்நாட்டு நோயாளிப் பாதுகாப்பு முகமை ஓர் அவசர அறிவிப்பு விட வேண்டி வந்தது. நான்கு ஆண்டுகளில் மிடாசோலம் தொடர்பாக 1,694 சம்பவங்கள் பதிவாகியிருந்தன, மூவர் இறந்திருந்தார்கள். குப்பியின் செறிவும் ஒரு காரணம். 2 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் கொண்ட குப்பியை உடைத்தால், முழுவதையும் ஏற்றிவிடவே கை பார்க்கும். மிச்சம் வைக்க யாருக்கும் மனம் வராது. 5 மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் என்றால் மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும். செறிந்த குப்பிகளைச் சாதாரண அறைகளின் அலமாரியிலிருந்தே எடுத்துவிடச் சொன்னார்கள். கொடுப்பவரின் பட்டத்தை மாற்றவில்லை, குப்பியை மாற்றினார்கள். ரசித்துப் படித்த அரசாங்க உத்தரவுகள் எனக்குக் குறைவு; இது அவற்றில் ஒன்று.

*

உண்மையான சண்டை மூண்டது பால்போல் வெளுத்த இன்னொரு மருந்தால்.

ப்ரோபோஃபாலைக் கண்டெடுத்தவர் ஒரு கால்நடை மருத்துவர். ஜான் கிளென், ஸ்காட்லாந்தில் மிருகங்களுக்கு மயக்கம் தந்துகொண்டிருந்தவர், ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து 1973இல் இதன் மயக்கும் குணத்தை எலிகளில் கண்டார். தண்ணீரில் கரையாத எண்ணெய் அது. முதலில் கரைக்கப் பயன்படுத்திய பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தந்ததால் திட்டமே கைவிடப்படும் நிலைக்கு வந்து, பிறகு சோயா எண்ணெயிலும் முட்டைக்கரு லெசித்தினிலும் குழம்பாக்கினார்கள். வெள்ளை நிறம் அதனால்தான். 1986இல் பிரிட்டனிலும் 1989இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. கிளெனுக்கு 2018இல் லாஸ்கர் விருது.

ஊசி ஏறி அரை நிமிடத்துக்குச் சற்று மேல், ஆள் அவுட். நிறுத்தினால் ஐந்து பத்து நிமிடங்களில் தெளிந்து, கனவு கண்ட முகத்தோடு எழுந்து உட்காருவார். ஒரு நாளில் இருபது பேருக்குக் குழாய் விடும் இடத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் ப்ரோபோஃபாலுக்கு மாற்று மருந்து இல்லை. மிடாசோலம் அதிகமானால் ஃப்ளூமசெனில் இருக்கிறது. ஃபென்டனில் அதிகமானால் நலோக்சோன். இதற்கு ஒரே மாற்று, அது தானாக வடியும்வரை நோயாளிக்காக நீங்கள் மூச்சு விடுவது. தாடையைத் தூக்கி, முகமூடியை அழுத்தி, காற்றைத் தள்ளும் ஆம்பு பையைப் பிசைந்து. அதனால் அமெரிக்காவில் இந்த மருந்தின் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: முழு மயக்கம் தரப் பயின்றவரே இதைத் தர வேண்டும், அவர் பரிசோதனையைச் செய்பவராக இருக்கக் கூடாது.

அந்த வரியை எடுக்கச் சொல்லி அமெரிக்கக் குடலியல் மருத்துவர்களின் அமைப்பு ஒன்று 2005இல் மனுப் போட்டது. கையில் சான்றும் இருந்தது. ஓரிகான் மாநிலத்தின் மெட்ஃபர்டில் பயிற்சி பெற்ற நர்ஸுகள் 9,152 பேருக்கு ப்ரோபோஃபால் தந்திருந்தார்கள். ஒருவருக்குக்கூட மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருக வேண்டி வரவில்லை. பிறகு 2009இல் இண்டியானாவின் குடலியல் மருத்துவர் டக்ளஸ் ரெக்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் உலகம் முழுவதிலிருந்தும் திரட்டிய கணக்கு வந்தது: மயக்க மருத்துவர் இல்லாமல் ப்ரோபோஃபால் பெற்றவர்கள் 6,46,080 பேர். குழாய் செருகப்பட்டவர்கள் 11. இறந்தவர்கள் 4, அவர்களும் ஏற்கெனவே கடும் நோய்களோடு வந்தவர்கள்.

ஆறரை லட்சத்தில் நாலு. கேட்டதும் சண்டை முடிந்துவிட்டது என்று தோன்றும். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, எங்கும் அச்சேறாத பதிவுகள். கேட்டபோது மருத்துவர்கள் தாமாகத் தந்தவை. ஒழுங்காகச் செய்து, ஒழுங்காக எழுதி வைத்தவரே கேட்டால் கணக்குக் கொடுப்பார். மோசமாகச் செய்தவர் கொடுக்கமாட்டார். ஆகவே அந்த எண் எனக்குச் சொல்வது ஒன்றுதான்: நன்றாகப் பயின்ற குழு, பெரும்பாலும் உடல்நலமுள்ளவர்களைத் தேர்ந்து, கவனமாகச் செய்தால் இந்த அளவு பாதுகாப்பு சாத்தியம். ‘யார் செய்தாலும் இப்படித்தான்’ என்று அது சொல்லவில்லை. அதே கணக்கில் இன்னொரு எண் இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. விவரம் கிடைத்த 5,69,220 பேரில் 489 பேருக்கு முகமூடி வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டி வந்தது. ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவர். ஆயிரத்தில் அந்த ஒருவர் வரும்போது பையைப் பிசையத் தெரிந்த ஆள் அறையில் இருந்ததால்தான் அவர் சாவுக் கணக்கில் ஏறவில்லை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் மனுவைத் தள்ளியது. அதே ஆண்டு ஐரோப்பாவில் எதிர்த்திசைக் காற்று. பயிற்சி பெற்ற மற்றவர்களும் ப்ரோபோஃபால் தரலாம் என்ற வழிகாட்டியில் ஐரோப்பிய மயக்க மருத்துவச் சங்கமும் சேர்ந்து கையெழுத்திட்டது. அடுத்த ஆண்டே 21 நாடுகளின் மயக்க மருத்துவச் சங்கங்கள் கூடி எதிர்த்தன. கையெழுத்துப் போட்ட சங்கம் பின்வாங்கியது. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் நர்ஸுகள் அதற்குள் இதை அன்றாட வேலையாக்கியிருந்தார்கள். இதில் பணமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மயக்க மருத்துவர் வந்து உட்கார்ந்தால் தனிக் கட்டணம். யாருடைய பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறோம், யாருடைய பில்லைப் பற்றிப் பேசுகிறோம் என்பது சில கட்டுரைகளில் பிரித்தறிய முடியாதபடி கலந்திருக்கும்.

நடுவே ப்ரோபோஃபாலைத் தானே ஏற்றும் ஓர் எந்திரமும் வந்துபோனது. செடாசிஸ் என்று பெயர். நோயாளியின் காதில் கருவி மாட்டி, கையில் ஒரு பிடியைக் கொடுத்து, அவ்வப்போது ‘கையை அழுத்துங்கள்’ என்று சொல்லும். அழுத்தத் தாமதமானால் ப்ரோபோஃபாலைக் கூட்டாது. 2013இல் அனுமதி பெற்று, விற்பனை இல்லாமல் 2016இல் நிறுத்தப்பட்டது.

*

இனி, பார்த்துக்கொண்டிருப்பவர் எதைப் பார்க்கிறார் என்ற கேள்வி. கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கலாம். பேட்டரி இருந்தால் எடுத்து விரலில் மாட்டுங்கள். இதய, நுரையீரல் தொல்லை இல்லாதவர்கள் மட்டும், உட்கார்ந்தபடி, மூச்சை அடக்கிப் பாருங்கள். நான் செய்தபோது 98 காட்டியது. பதினைந்து விநாடி, 98. முப்பது விநாடி, 98. நெஞ்சு முட்டி, காது அடைத்து, நாற்பத்தைந்தாவது விநாடியில் விட்டேன், அப்போதும் 98. மூச்சு வாங்கிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் கழித்து 96 ஆனது, பிறகு 95. நான் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது எண் இறங்கியது.

விரல்நுனியில் தெரிவது பழைய செய்தி. நுரையீரலில் தங்கியிருக்கும் காற்றில் சுமார் ஒரு நிமிடத்துக்கான ஆக்சிஜன் சேமிப்பு இருக்கிறது; அது தீரும்வரை எண் அசையாது. அசைந்த பிறகும், அந்த ரத்தம் இதயம் வழியாக விரலுக்கு வந்து சேர நேரமாகும். ஜப்பானின் தகுவோ அயோயாகி 1970களில் கண்டுபிடித்த இந்தக் கருவி எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் மூச்சு நின்றது என்று அது சொல்வதில்லை. மூச்சு நின்று கொஞ்ச நேரமாகிவிட்டது என்றுதான் சொல்லும். மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தால் நிலைமை இன்னும் விசித்திரம். சேமிப்பு பெருகுவதால் நோயாளிக்கு நல்லது. அதே காரணத்தால் எண் இன்னும் தாமதமாக இறங்கும், பார்ப்பவர் அவ்வளவு நேரம் ஏமாந்திருப்பார்.

கேப்னோகிராஃப் பார்ப்பது வேறொன்றை. மூச்சோடு வெளிவரும் கரியமில வாயுவை மூக்கருகிலேயே அளந்து அலையாக வரையும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு. மூச்சு நின்றால் அடுத்த மேடு வராது, கோடு தட்டையாகக் கிடக்கும்; ஆக்சிமீட்டர் 98 என்று சாதித்துக்கொண்டிருக்கும்போதே. ஜெர்மனியில் ப்ரோபோஃபாலோடு கொலோனோஸ்கோப்பி செய்துகொண்ட 760 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான கண்காணிப்பு மட்டும் இருந்தவர்களில் 53 விழுக்காட்டினருக்கு ஆக்சிஜன் குறைந்தது. கேப்னோகிராஃபும் இருந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு. மிதமான மயக்கத்தில் இத்தனை வித்தியாசம் தெரியவில்லை என்ற ஆய்வும் உண்டு. 2011 முதல் அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் மிதமான மயக்கத்துக்கே இது வேண்டும் என்கிறது.

உலகறிந்த இரண்டு மரணங்களை இந்த இடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மைக்கேல் ஜாக்சனுக்கு 2009 ஜூன் 25 அன்று வீட்டுப் படுக்கையறையில் ப்ரோபோஃபால் தந்தவர் இதயநோய் மருத்துவர். அறையைவிட்டு வெளியே போனார். விரலில் மாட்டியிருந்த ஆக்சிமீட்டருக்கு ஒலி எழுப்பும் வசதி இல்லை. இது மயக்க மருத்துவர் அல்லாதவரின் தவறு என்று யாரும் சொல்லிவிடலாம். நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் 2014இல், 81 வயதில், நியூயார்க்கில் எண்டோஸ்கோப்பியின்போது மூச்சும் இதயமும் நின்று, ஒரு வாரத்தில் இறந்தார். அந்த அறையில் மயக்க மருத்துவர் இருந்தார். மருந்து கொடுக்கும் முன் எடையைக் குறிக்கவில்லை, நாடியும் ரத்த அழுத்தமும் சரிந்துகொண்டிருந்ததை நேரத்தில் கண்டுகொள்ளவில்லை என்று அரசு விசாரணை பிறகு எழுதியது. பட்டம் அறைக்குள் இருந்தது, பார்வை இல்லை.

இதனால் மயக்க மருத்துவர் தேவையில்லை என்று ஆகிவிடாது. உடல் பருமனும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ளவர், வாயைத் திறந்தால் உள்நாக்கே தெரியாதவர், ரத்த வாந்தியோடு வந்தவர், இதயம் பலவீனமானவர், நீண்ட ஈ.ஆர்.சி.பி. தேவைப்படுபவர்: இவர்களுக்கு அவர் வேண்டும், பேரம் கிடையாது. வாயைத் திறக்கச் சொல்லி உள்நாக்கைப் பார்க்கும் அந்தச் சோதனை, ஆந்திராவிலிருந்து பாஸ்டனுக்குப் போன சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் எழுதியது. செலவு ஒரு பைசா இல்லை. மற்றவர்களுக்கு, மருந்து தருவதும் மூச்சைப் பார்ப்பதும் தவிர வேறு வேலை இல்லாத, தாடை தூக்கவும் பை பிசையவும் பழகிய ஒருவர் தலைமாட்டில் நிற்க வேண்டும். அவரையே ‘அந்த பயாப்சி இடுக்கியை எடுங்க சிஸ்டர்’ என்று கூப்பிடாத மருத்துவரும் வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் வாய்வழி எண்டோஸ்கோப்பியைத் தொண்டையில் மரத்துப்போக வைக்கும் சைலோகெய்ன் தெளித்தே முடித்துவிடுகிறார்கள். குமட்டல் கொடுமைதான், ஆனால் இங்கே சொன்ன ஆபத்துகளில் பெரும்பாலானவை அங்கே எழவே எழாது.

குழாயை உருவியதும் கதை முடிவதில்லை. குடலை இழுத்துத் தள்ளும் வலி, அதுவரை நோயாளியை ஓரளவு உசுப்பிக்கொண்டே இருக்கும். வலி நின்றதும் மருந்து மட்டும் உடம்பில் மிச்சமிருக்கும். பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டுபோன பிறகு ஆழம் கூடலாம். ஃப்ளூமசெனில் கொடுத்து எழுப்பினால்கூட, அது மிடாசோலத்துக்கு முன்பே வடிந்துவிடும். ஆள் மறுபடி உறங்கிப்போவார். அதனால்தான் என்னை ஒரு மணி நேரத்துக்கு மேல் படுக்க வைத்திருந்தார்கள், அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்றார்களாம். என்றார்களாம் என்பது என் மனைவி சொன்னது. என் கோப்பில் ஒரு தாள் இருக்கிறது: ‘மேற்கண்ட அறிவுரைகள் எனக்கு விளக்கமாகச் சொல்லப்பட்டன, புரிந்துகொண்டேன்.’ கீழே என் கையெழுத்து, எப்போதும் போடுவதைவிடக் கொஞ்சம் சாய்வாக. போட்ட ஞாபகம் இல்லை.